தளைத் தழும்பு

பாளையங்கோட்டை,
19-08-2058, திங்கள்.

அன்புள்ள கோமதிக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல் என்று எழுதத்தான் பள்ளிக்கூடத்தில் பழக்கினார்கள். ஆனால் பத்து நாளில் பதினோரு முறை கூப்பிட்டும் நீ எடுக்கவில்லை. ஆகவே நலமாக, வேலையாக இருக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன். தாளில் எழுதுவதற்குக் காரணம், தாளை யாரும் அணைத்து வைக்க முடியாது.

இதில் உனக்குத் தெரிந்த சங்கதிகளும் நிறைய வரும். ஒரே மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து இருபது வருஷத்துக்கு மேல் மிருக எலும்பு பார்த்தவர்கள் நாம். அதையெல்லாம் உனக்கே எழுதுவது வேடிக்கைதான். ஏன் எழுதுகிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். வரிசை தப்பாமல் சொல்லப் பார்க்கிறேன். காலையிலிருந்து பத்து வரி எழுதுவதும் எழுந்து வாசல்வரை நடப்பதுமாக இருக்கிறேன். கையெழுத்து அங்கங்கே மாறித் தெரிந்தால் பொறுத்துக்கொள்.

முதல் விஷயம். வருகிற வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு வனவிலங்கு வழக்குகளை விசாரிக்கும் நடுவத்தில் மாசானம் என்பவருக்குத் தீர்ப்பு சொல்லப் போகிறார்கள். பைபாஸ் ஓரத்தில் ஆட்டுக்கால் சூப் கடை வைத்திருந்தவர். வெளிமானைக் கொன்று அதன் காலை ஆட்டுக்கால் என்று விற்றார் என்பது வழக்கு. ஏழு வருஷம் கிடைக்கும். அவர் விற்றது ஆட்டுக்கால்தான். அது எனக்கு எப்படித் தெரியும், அது எப்படி மான்கால் ஆனது என்பதுதான் இந்தக் கடிதம்.

ஜூலை கடைசித் திங்கட்கிழமை அவர் மனைவி பேராச்சி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நாற்பது வயதிருக்கும். தோளில் துணிப்பை, பைக்குள் ஊறுகாய் பாட்டில், பாட்டிலுக்குள் ஒரு எலும்பு.

“எலும்பு பாக்குற அம்மா நீங்கதானா?”

“பார்த்துக்கிட்டிருந்தேன். இப்ப அந்த வேலையே இல்லம்மா.”

“அதத்தான் எல்லாரும் சொல்லுதாக. இல்லாத வேலைக்கு ஆளத் தேடி ஆறு பஸ் மாறிட்டேன்.”

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நின்றபடியே கொட்டித் தீர்த்தாள்.

“மொதல்ல மாட்டாஸ்பத்திரி டாக்டர்ட்டப் போனேன். ‘உசுரோட கொண்டாந்தா ஊசி போடுவேன், எலும்பாக் கொண்டாந்தா நான் என்னம்மா செய்ய’ன்னுட்டாரு. பெறவு போலீசுக்கு எலும்பு பாக்குற டாக்டரு. அவரு பாட்டிலத் தொறக்கக்கூட இல்ல. ‘மனுச எலும்பு இல்ல, போ’ன்னாரு. அது எனக்குத் தெரியாதா? நான் என்ன மனுசக் கால்லயா சூப்பு வைக்கேன்?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

“பெறவு இந்தப் பழைய தாழியெல்லாம் தோண்டி எடுக்காகள்லா, அங்க ஒரு தம்பி. அது நல்ல பிள்ள. கையில வச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. ‘அக்கா, மூவாயிரம் வருசத்து எலும்புன்னா நான் எழுதிக் குடுக்கலாம். போன மார்ச் மாச எலும்புக்கு எனக்கு அதிகாரம் இல்ல’ன்னுச்சு. அதுதான் உங்க பேரச் சொல்லிச்சு.”

“கறிக்கடையில கேக்கலையா?”

“கேக்காமலா? பரமசிவம் அண்ணாச்சி பாட்டில வெளிய இருந்து பாத்தே சொல்லிட்டாக. ‘கொடி ஆடு, கெடா, முன்னங்காலு’ன்னு. அவுக சொன்னா யாரு கேக்கா? பெட்டில்லா சொல்லணும்.”

பெட்டி. நம் பெட்டி. ஒன்பது வருஷமாக எல்லா வனச் சோதனைச்சாவடியிலும் இருக்கிறது. எலும்பை உள்ளே வைத்து மூடினால் ஒளி பாய்ச்சி அளந்து, தன்னிடமுள்ள பதினோராயிரம் எலும்புப் படங்களோடு ஒப்பிட்டு, பத்து விநாடியில் பிராணியின் பெயரைச் சீட்டில் அடித்துத் தரும். வைத்த எலும்பின் படமும் அசல் அளவில் அதே சீட்டில் வரும். எந்த எலும்போடு ஒப்பிட்டது என்ற எண்ணும் வரும். அந்தச் சீட்டுதான் சான்று. அதை மறுக்க வேண்டுமானால், அதே பிராணிக்குப் பெட்டியே வேறு பெயர் சொன்ன இன்னொரு சீட்டு வேண்டும். ஆள் சாட்சி செல்லாது என்று சட்டம்.

அந்தப் பதினோராயிரமும் நாம் சேர்த்தவை. படம் எடுத்து முடித்ததும் வைக்க இடமில்லை என்று எலும்புகளைக் குழி வெட்டிப் புதைத்தார்கள். அதே மாதம் எலும்பு நிபுணர் பதவிகளையும் எடுத்துவிட்டார்கள். நீ பெட்டியைப் பராமரிக்கும் வேலைக்குச் சென்னை போனாய். நான் வீட்டுக்கு வந்தேன். இதில் எனக்கு மனக்குறை இல்லை. பெட்டி வருமுன் இந்த வட்டாரத்தில் வெளிமான் நூற்றுச் சொச்சம்தான் மிச்சம். இன்று ஆயிரத்துக்கு மேல். அதை நான் மறக்கவில்லை என்பதை இந்த இடத்திலேயே எழுதிவிடுகிறேன்.

“எங்க கடையில காலத் துண்டு போட மாட்டோம்,” என்றாள் பேராச்சி. “முழுசா அவிச்சு அப்படியே தட்டுல வைப்போம். அதுக்குத்தான் கூட்டம். அன்னைக்கு ஆபீசருமாரு வந்து கழிவு பக்கெட்டுல இருந்து ஒரு தலையெலும்பும் ஒரு காலெலும்பும் எடுத்தாக. தலைய வச்சா வெள்ளாடுன்னு வருது. கால வச்சா வெளிமான்னு வருது. ஆட்டுத்தல, மான்காலு! இப்படி ஒரு பிராணிய எந்தக் காட்டுலம்மா மேய விட்டுருக்காக?”

“அதிகாரி என்ன சொன்னார்?”

“‘ரெண்டையும் கலந்து விக்கான்’னாரு. வேற என்ன சொல்லுவாரு? அவுக எடுத்தது எடது காலு. ஜோடிக்கால நான் பக்கெட்டுல தேடி எடுத்து வச்சிக்கிட்டேன். இதான் அது.”

பாட்டிலைத் திறந்தேன். கண்ணாடி தேடவில்லை, கட்டைவிரல் போதும் என்று உனக்குத் தெரியும். கீழ்முனை உருளைகளில் வெளிப்பக்கத்துத் திண்டு குட்டையாக, சரிந்து இருந்தது. வெள்ளாடு. சந்தேகமே இல்லை. பிறகு விரல் தண்டின் நடுவுக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. எலும்பைச் சுற்றி ஒரு பள்ளம். வருஷக்கணக்கில் மோதிரம் கழற்றாத விரலில் விழுவதுபோல. பள்ளத்தின் இரு கரையிலும் எலும்பு மேடு தட்டியிருந்தது.

“இந்த ஆட்டுக்குத் தளை போட்டிருந்தாங்களா?”

“கொடி ஆடுல்லா, நெட்டக்காலு. வேலியத் தாண்டி அடுத்தவன் வெள்ளாமையில போயி வாய வைக்கும். முன்னங்கால் ரெண்டையும் சேத்துக் கவுறு போட்டாத்தான் அடங்கும். ரெண்டு வருசமாத் தளையோட கெடந்த கெடான்னு வித்தவரே சொன்னாரு.”

வழக்குச் சீட்டின் நகல் அவள் பையில் இருந்தது. சீட்டில் இடது காலெலும்பின் படம், அசல் அளவில். பக்கத்தில் இந்த வலது காலெலும்பை வைத்தேன். அதே உயரத்தில் அதே வளையம். இரண்டு காலையும் ஒரே கயிற்றில் கட்டினால் அப்படித்தானே விழும். படத்தின் அடியில் பெட்டி அடித்திருந்த வரியைப் படித்தேன்: வெளிமான். ஒப்பீடு: வெளிமான் 214.

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். பேராச்சி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். “தண்ணி கொண்டாரட்டா?” என்று கேட்டாள். என் வீட்டில், அவள் என்னை.

இரண்டாவது விஷயம். அதுதான் 214.

2027, சித்திரை வெயில். நான் வேலைக்கு வந்து இரண்டாம் வருஷம். நீ பிரசவ விடுப்பில் இருந்தாய். பின்கட்டில் நாம் எலும்பு ஊறப்போடும் டிரம் இருந்ததே. செத்த பிராணியைப் பகுதி பகுதியாக வலைப்பையில் கட்டி, எண் அடித்த தகட்டை ஒவ்வொரு பைக்கும் நைலான் கயிற்றில் கட்டி உள்ளே போடுவோம். சதை அழுகிக் கரைய ஒரு மாதம் ஆகும். அந்த வாரம் நைலான் கயிறு தீர்ந்துபோயிருந்தது. கடை தூரம். கையில் சணல் இருந்தது. கால் பைகளுக்குத் தகட்டைச் சணலில் கட்டினேன். சதையைக் கரைக்கிற தண்ணீர் சணலை விட்டுவைக்குமா?

மாதம் கழித்துத் திறந்தபோது இரண்டு தகடும் டிரம்மின் அடியில் கிடந்தன. 88, ஒரு கொடி ஆடு. 214, வேலியில் மாட்டிச் செத்த வெளிமான், இன்னும் ஒரு வயது நிரம்பாதது. இரண்டு கால் பை. எது எது? உயிரோடு நிற்கும் கொடி ஆட்டை நான் அதுவரை பார்த்ததில்லை, இதுவும் தோலுரித்துத் துண்டமாகத்தான் வந்தது. ஆடென்றால் எனக்குக் குட்டைக்கால். நீளமாக மெலிந்திருந்ததை மான் என்று முடிவு செய்து 214 தகட்டைக் கட்டினேன். உண்மையில் அதுதான் ஆடு. சரிபார்க்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கூட வைத்தேன். பிறகு நூறு பிராணி வந்தது. தாள் எங்கே போனதோ. அந்த இரண்டு எண்ணுக்கு மட்டும் காலெலும்பு இடம் மாறியே இருந்தது. பெட்டிக்குப் படம் எடுக்க வந்த பிள்ளைகள் ஒரு நாளைக்கு முந்நூறு எடுத்தார்கள். அவர்களுக்கு அட்டையில் இருந்ததுதான் பெயர். பதினோராயிரத்தில் கொடி ஆடு அந்த ஒன்றே ஒன்று. அந்த ஆடு இந்த வட்டாரத்தை விட்டு வெளியே போவதில்லை. சூப் கடையும் இங்கேதான். வேறெங்கும் யாருக்கும் சந்தேகம் வராததற்கு அதுவே காரணம்.

ஆகஸ்ட் ஐந்தாம் தேதி உன்னைக் கூப்பிட்டேன். நீ எடுத்தது அந்த ஒரு முறைதான். பேசியதை அன்றே எழுதி வைத்தேன், என் வழக்கம் உனக்குத் தெரியும்.

“ஏட்டி கிருபா, நெசமாத்தான் சொல்லுதியா?”

“நெசந்தான். சணல்ல கட்டுனது நான். மாத்திக் கட்டுனதும் நான்.”

உன் பக்கத்தில் விசைகள் தட்டும் சத்தம் கேட்டது.

“பத்தொம்பது,” என்றாய்.

“என்ன பத்தொம்பது?”

“214-ஐ வச்சு வந்த தீர்ப்பு. உன் சூப்புக்காரன் இருபதாவது.”

கையிலிருந்த தாளில் இருபது என்று எழுதினேன்.

“கேளு,” என்றாய். “ஒண்ணு தப்புன்னு நாம சொன்னா பதினோராயிரமும் தப்புன்னு அவனுவ சொல்லுவானுவ. அசல் வேட்டைக்காரன் அத்தன பேரும் வக்கீலோட வந்து நிப்பான். அடுத்த வாரமே துப்பாக்கியோட எறங்குவான். ஆயிரத்து எழுபது மான் நிக்கி ஏட்டி அங்க. ஒவ்வொண்ணா எண்ணுனவ நான்.”

“மாசானம் ஒருத்தர்தான். அவரையும் எண்ணணும்லா?”

“எனக்கு நாலு நாள் குடு. நான் பாத்துக்கிடுதேன். உன் பேரு வெளிய வராது. நீ ஒண்ணும் செய்யாம இரு, போதும்.”

நாலு நாள் கொடுத்தேன். ஒன்றும் செய்யாமல் இருக்க மட்டும் எனக்கு வரவில்லை. சமையல் தொட்டியைத் தேய்த்தேன். பழைய கடிதங்களைத் தேதி வாரியாக அடுக்கினேன், கலைத்தேன், மறுபடி அடுக்கினேன். வெள்ளிக்கிழமை காலை ஆனதும் கிளம்பிவிட்டேன்.

என் திட்டம் சாதாரணம். ஊரறிய அறுத்த கொடி ஆட்டின் காலை, அரசு அறுப்புக்கூட முத்திரையோடு வாங்கி, நானே பெட்டியில் வைப்பது. அது மான் என்று சொல்லும். சொன்னதும் வைத்தவர் பெயரில் வழக்கு தானாகப் பதிவாகிவிடும். வழக்கு என் மேல் வரட்டும். சட்டம் கேட்கும் சீட்டு அது இல்லைதான், ஆனாலும் அரசு முத்திரை குத்திய ஆட்டை மான் என்ற சீட்டு கையில் இருக்குமே.

பேராச்சியும் வந்தாள். பரமசிவம் அண்ணாச்சி காலைக் கொதிநீரில் போட்டுச் சதை வழித்துத் தந்தார். சாவடியில் காவலர் சிங்கத்துரை என் பெயரை எழுதிக்கொண்டு பேனாவை மூடாமல் யோசித்தார்.

“அம்மா, செவப்பு எரிஞ்சா நான் உங்களத்தான் உக்கார வைக்கணும். அது நேரா மேல போயிரும். என் கையில ஒண்ணுமில்ல.”

“தெரியும். மாத்துச் சேலை கொண்டாந்திருக்கேன்.”

“எதுக்கும்மா இந்த வயசுல ஒங்களுக்கு இந்தச் சோலி?”

“வைங்க தம்பி.”

மூடினார். பத்து விநாடி. பச்சை எரிந்தது. வெள்ளாடு. ஒப்பீடு: வெள்ளாடு 88.

சிங்கத்துரைக்கு மூச்சு வந்தது. பேராச்சி கையைத் தட்டினாள். “பாத்தீகளா! பெட்டிக்குப் புத்தி வந்துட்டு!”

நான் மட்டும் கையைத் தட்டவில்லை. வெளியே வேப்பமரத்தடிச் சிமெண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன். 88. நாலு நாளில் நீ காலெலும்புப் படங்களை அவற்றின் இடத்துக்கு மாற்றிவிட்டிருக்கிறாய். சத்தமில்லாமல், தேதியில்லாமல். நல்ல காரியம்தான். இனி எந்தச் சூப் கடைக்காரனும் மாட்ட மாட்டான்.

“ஏன் இப்படி மொகத்தத் தொங்கப் போட்டிருக்கீக?” என்று பேராச்சி வந்து நின்றாள்.

“பெட்டியை யாரோ திருத்திட்டாங்க. இனிமே அது கொடி ஆட்டை ஆடுன்னுதான் சொல்லும்.”

“நல்லதுதான?”

“அது தப்புச் சொன்னதுக்கு இனிமே அத்தாட்சி கிடையாது பேராச்சி. நாளைக்கு நான் போய் நின்னா, ‘கொடி ஆட்டை வச்சுக் காட்டு’ன்னுவாங்க. வச்சா ஆடுன்னு வரும். ‘பார்த்தியா, பெட்டிக்கு ஆடு எது மான் எதுன்னு நல்லாத் தெரியுது. அப்ப மார்ச்ல மான்னு சொன்னதும் மான்தான்’னு முடிச்சிருவாங்க.”

அவள் அதை மெல்ல யோசித்தாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன்.

“அப்ப மறுபடியும் மொத பஸ்ஸா?” என்றாள். துணிப்பையை மடியில் வைத்தபோது பாட்டிலுக்குள் எலும்பு உருண்டு ‘கிளிங்’ என்றது.

கோமதி, அந்தச் சத்தத்தில்தான் எனக்கு உறைத்தது.

பாட்டிலை வாங்கிக்கொண்டு சாவடிக்குத் திரும்பி நடந்தேன். சிங்கத்துரை, “இன்னொண்ணா? பெட்டிய விட மாட்டீக போலுக்கே,” என்றார். என் பெயரிலேயே எழுதச் சொன்னேன். மாசானத்தின் கிடாவின் வலது காலெலும்பு உள்ளே போனது. பச்சை. வெள்ளாடு. ஒப்பீடு: வெள்ளாடு 88. எலும்பின் படம் அசல் அளவில், நடுத்தண்டில் வளையத்தோடு.

இப்போது என் முன்னால் இரண்டு சீட்டு இருக்கிறது. மார்ச் சீட்டில் இடது கால், வெளிமான். ஆகஸ்ட் சீட்டில் வலது கால், வெள்ளாடு. இரண்டு படத்திலும் ஒரே தளையின் தழும்பு, கீழ்முனையிலிருந்து ஆறு சென்டிமீட்டர் இரண்டு மில்லிமீட்டரில். இதைப் பார்க்க நிபுணர் தேவையில்லை. பள்ளிக்கூடப் பிள்ளையின் ஸ்கேல் போதும். ஒரே பிராணிக்குப் பெட்டியின் இரண்டு சொல். சட்டம் கேட்பது அதைத்தான். நீ திருத்தாமல் விட்டிருந்தால் இந்த வலது காலும் மான் என்றே வந்திருக்கும். இப்படி ஒரு முரண் யாருக்கும் எந்தக் காலத்திலும் கிடைத்திருக்காது. என்னை மறைத்து வைக்க நீ செய்த வேலைதான் என் கையில் சாட்சியாக இருக்கிறது. சிரிப்பதா என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை நடுவர் என்ன சொல்வார் என்று ஓரளவு ஊகிக்கிறேன். மாசானம் வீட்டுக்குப் போகலாம். ஆனால் ‘பெட்டி ஒருநாள் தடுமாறியது’ என்று எழுதி அந்த ஒரு வழக்கோடு மூடிவிடுவார்கள். மற்ற பத்தொன்பது பேரிடம் ஜோடி எலும்பு கிடையாது. அவர்கள் பாட்டிலில் போட்டு வைக்கவில்லை. பழைய தீர்ப்புகளைத் தேடி அவர்கள் பெயர்களைத் தனித்தாளில் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். ஊர், வயது, உள்ளே போன தேதி, வெளியே வரும் தேதி. ஒன்பதாவது பெயருக்கு எதிரே வெளியே வரும் தேதியை எழுதவில்லை. அவர் போன ஐப்பசியில் சிறையிலேயே இறந்துவிட்டார். சூப் கடைகூட இல்லை, வீட்டு விசேஷத்துக்கு ஒரு கிடா அறுத்தவர்.

அவர்களுக்கு வேண்டியது இரண்டு வாக்குமூலம். தகட்டை மாற்றிக் கட்டியது யார் என்பது ஒன்று. படங்களை எந்தத் தேதியில், எதை எங்கே மாற்றினார்கள் என்பது மற்றொன்று. முதலாவதை நான் எழுதிவிட்டேன். ஆள் சாட்சி செல்லாது என்பது பிராணியின் பெயருக்குத்தான். தான் செய்த தப்பைச் சொல்ல யாருக்கும் தடை இல்லை. சட்டத்தை மூன்று முறை படித்துவிட்டேன்.

உனக்குத் தெரிந்ததையெல்லாம் உனக்கே எழுதியதற்குக் காரணம் இதுதான். இதன் நகலொன்று நாளைக் காலைப் பதிவுத் தபாலில் நடுவத்துக்குப் போகிறது. முதல் முறையாகப் படிப்பவருக்கும் புரிய வேண்டும் என்றுதான் டிரம்மிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் எழுதினேன். மான்களின் கணக்கையும் அதில் விடவில்லை. நீ எண்ணியது வீண் போகக் கூடாது. ஒரு தகட்டின் தப்பைத் திருத்திக்கொண்ட பெட்டி என்று சொன்னால் ஊர் நம்பும் என்பது என் எண்ணம். நம்பாமலும் போகலாம்.

அந்த நகலில் உன் பெயர் எங்கும் இல்லை. பெயரை எடுத்துவிட்டு ‘என் தோழி’ என்று மட்டும் போட்டிருக்கிறேன். நாலாம் பக்கத்தில், படங்களை இடம் மாற்றியவர் என்ற வரிக்கு எதிரே, ஒரு கையெழுத்து கொள்ளும் அளவுக்கு இடம் விட்டிருக்கிறேன். வியாழக்கிழமை பத்தரைவரை அது காலியாகத்தான் இருக்கும். நான் நிரப்ப மாட்டேன்.

சீட்டுகளைக் காட்டி ஒரு கேள்வி கேட்பதாக இருக்கிறேன், இந்த மானுக்குத் தளை போட்டவர் யார் என்று. பேராச்சிக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துவிட்டது. தினமும் ஒரு தடவை வந்து என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போகிறாள். அவள் கேட்பது இன்னொன்றும் உண்டு. “அந்தத் தோழி வருவாகளா?” என்கிறாள்.

இதைக் கூரியரில் அனுப்புகிறேன், புதன் காலை உன் கையில் இருக்கும். அன்றிரவு ஏறினால் நெல்லை எக்ஸ்பிரஸ் வியாழன் காலை ஏழு மணிக்கு ஜங்ஷனுக்கு வருகிறது. நான் ஆறே முக்காலுக்கு அங்கே இருப்பேன்.

இப்படிக்கு,
கிருபாமணி